அழைத்தவர் காதில் ஒரு பாட்டு

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்துபோனதிலிருந்து உத்தர்பாரா பாக்சி வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கதைக்கு நடுவில் வந்து உட்காருகிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர்களே வாயைத் திறக்காதபோது வேறு யார் சொல்வது?

பிரதுல் பாக்சி கல்லூரியில் உளவியல் பேராசிரியர். ஒருவர் என்ன பாட்டுக் கேட்கிறார் என்று தெரிந்தால் போதும், அவருக்கு எவ்வளவு மூளை என்று சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. சாப்பாட்டு மேஜையில் மட்டும் சொல்லிக்கொள்கிற கட்சி இல்லை. படம் வரைந்து, கோடு இழுத்து, மூன்று ஆராய்ச்சி இதழ்களில் அச்சேற்றியிருக்கிறார். கோடு இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும். அடியில் ஆட்டப்பாட்டுக் கேட்கிறவர்கள். உச்சியில் வார்த்தையே இல்லாத சரோத் வாசிப்பைக் கேட்கிறவர்கள். உச்சியில் பிரதுல் பாபுவும் உண்டு. அடக்கம் கருதி அவர் பெயரை அங்கே எழுதவில்லை.

மகன் புகாய் புனேயில் வேலை பார்க்கிறான். அவன் விரும்பும் பெண் தியாஷா, உத்தர்பாராவுக்கு அடுத்த ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷனான கொன்னகரில் டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கிறாள். அவள் அப்பா கோலே பாபு பூஜைகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். பிரதுல் பாபு வருடா வருடம் போலீஸுக்குப் புகார் எழுதுகிற ஒலிபெருக்கிகளில் பாதி அவருடையவை. ஆனாலும் பிரதுல் பாபு, "பொண்ணை வரச் சொல்லு, பாக்கலாம்" என்றார். தன் மனசு பெரிசு என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

தியாஷா அந்த வீட்டுக்குப் புதியவளும் இல்லை. துர்க்கா பூஜை முடிந்த கையோடு பிரதுல் பாபுவின் மனைவி கேயா குளியலறையில் வழுக்கி விழுந்து முட்டியைக் கெடுத்துக்கொண்டாள். டாக்டரிடம் நேரம் வாங்குவது, வண்டி பேசுவது, எக்ஸ்ரே வாங்கி வருவது எல்லாம் தியாஷாதான். ஒவ்வொன்றுக்கும் பிரதுல் பாபுவை ஃபோனில் கூப்பிடுவாள். காக்கு என்றுதான் அழைப்பாள், சித்தப்பா முறை.

ஞாயிற்றுக்கிழமை ஈச்சவெல்ல சந்தேஷ் இனிப்புத் தட்டு காலியானதும் பிரதுல் பாபு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எதும்மா?"

தியாஷா அவரைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று இருப்பது போன்ற சிரிப்பு. "அந்த டிரான்ஸ்ஃபார்மர் பாட்டுதான், காக்கு."

அது போஜ்புரிப் பாட்டு. தன் இடுப்பைத் தொட்டால் ஜில்லா முழுக்கக் கரண்ட் போய்விடும் என்று ஒரு பெண் தன் கொழுந்தனை எச்சரிக்கிறாள். அதற்கு மேல் அதில் கருத்து என்று ஒன்றும் கிடையாது.

"ஓ... அச்சா" என்றார் பிரதுல் பாபு.

படித்த வங்காளி வீடுகளில் இது பதில் இல்லை, மதிப்பெண். 'ஓ' எவ்வளவு நீளமோ அவ்வளவு மார்க் குறைவு. அன்றைய 'ஓ' முடிவதற்குள் டீ ஆறிவிட்டது.

மறுநாள் கோலே பாபு ஃபோன் செய்தபோது, "பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. ஆனா ருசி ஒத்துப்போகாது" என்று பிரதுல் பாபு சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. "யாரோட ருசிங்க?" என்று கேட்டார் கோலே பாபு கடைசியில். பிரதுல் பாபு அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது புதன்கிழமை.

கல்லூரியில் கருத்தரங்கு. முதல் பேச்சு அவருடையது. கேயா இஸ்திரி போட்ட பஞ்சாபி ஜிப்பாவைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள்.

"என்ன பேசப் போற?"

"இசை ரசனையும் அறிவுத்திறனும். உன்னைப் பத்தியும் ஒரு இடத்துல வருது."

"என்னை விட்டுடு."

"விடிகாலைல தம்பூராவோட உக்கார்றவளை விட்டுட்டு வேற யாரை உதாரணம் சொல்றது?"

கேயா சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தாள். "அந்தப் பொண்ணு என் முட்டிக்கு ஐஸ் வெச்சவ."

"நான் குணத்தைப் பத்திப் பேசல, கேயா. மூளையைப் பத்திப் பேசறேன்."

"ரெண்டும் வேறன்னு தெரிஞ்சு வெச்சிருக்கியே, அதுவரைக்கும் நல்லது" என்றாள் கேயா. சமையலறைக்குப் போய்விட்டாள்.

கல்லூரி அரங்கில் கூட்டம் நிறைந்திருந்தது. வருகைப் பதிவு உண்டு என்று அறிவித்திருந்தார்கள். மேடையில் குத்துவிளக்கு, ரஜினிகந்தாப் பூச்சரம், வரவேற்புரை சொல்ல ஹீரக். ஹீரக் அந்தத் துறையின் இளைய ஆசிரியர். ஒரு காலத்தில் பிரதுல் பாபுவின் மாணவன். விளக்கேற்ற வேண்டிய நேரத்தில் பிரதுல் பாபுவைக் காணோம். அவர் மேல்மாடியில் தான் வரைந்த கோட்டை இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஹீரக் ஒரு கையில் மைக்கை வைத்துக்கொண்டு மறு கையால் ஃபோன் போட்டான். காதில் வைக்க வேண்டியதை, கூட்டத்தின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டான். மைக்கை அணைக்கவில்லை.

பிரதுல் பாபு மாடிப்படி இறங்கி அரங்கின் பின்வாசலுக்கு வந்தபோது நான்கு ஒலிபெருக்கியிலும் டிரான்ஸ்ஃபார்மர் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. இங்கேயுமா? அவருடைய கருத்தரங்கிலா? பெஞ்சுகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தார்.

"யார் இந்த அபசங்ஸ்கிருதியைப் போட்டது? பண்பாடு கெட்டுப்போச்சுன்னு பேசத்தானே இங்க கூடியிருக்கோம். நிறுத்துங்க முதல்ல."

யாரும் நிறுத்தவில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பையில் ஃபோன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் எவன் என்று எரிச்சலோடு எடுத்து அழுத்தினார். "ஹலோ."

பாட்டு நின்றது. நான்கு ஒலிபெருக்கியும் சேர்ந்து "ஹலோ" என்றன. அவருடைய குரலில்.

பிரதுல் பாபு கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். மேடையில் ஹீரக் தன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான். முந்நூறு பேர் இருந்த அரங்கில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல், பாட்டு எங்கே நின்றதோ அங்கிருந்து அடுத்த வரியை மெதுவாக எடுத்துப் பாடியது. சுதி சுத்தமாக இருந்தது. கேலி என்று சொல்ல முடியாது. பாதியில் நின்ற பாட்டை யாராவது முடித்துத்தானே ஆக வேண்டும்.

ஹீரக் மைக்கை அணைத்தான். அணைத்த மைக்கில் எல்லாருக்கும் வணக்கம் சொன்னான்.

பிரதுல் பாபு விளக்கேற்றவில்லை. பேசவும் இல்லை. உடம்பு சரியில்லை என்று ஹீரக் அறிவித்தபோது கூட்டம் அதை நம்பியது. அவர் முகத்தைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருந்தது.

ஆசிரியர் அறையில் ஹீரக் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். அவர் வாங்கினார், குடிக்கவில்லை.

"எப்பலேர்ந்து ஹீரக்?"

"பூஜைக்கு முன்னாடிலேர்ந்து, பிரதுல்தா." தாதா என்றால் அண்ணன், அதன் சுருக்கம்தான் தா.

"இத்தனை மாசமாவா? எனக்கு யார் ஃபோன் பண்ணினாலும் இதுவா கேக்குது?"

"இதேதான்."

"ஒருத்தர்கூடச் சொல்லலையே."

ஹீரக் காலால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஆராய்ச்சின்னு நெனச்சோம்."

"என்ன ஆராய்ச்சி?"

"ஃபோன் பண்றவங்க எத்தனை செகண்ட் தாங்கறாங்க, யார் உடனே கட் பண்றாங்கன்னு நீங்க கணக்கெடுக்கறீங்கன்னு. வங்காள டிபார்ட்மென்ட்ல இது உயர்ந்த கிண்டல்னு சொன்னாங்க. வரலாறு டிபார்ட்மென்ட்ல, 'மனுஷன் ஒருவழியா மாறிட்டார், விடுங்கப்பா'ன்னாங்க. பிரின்சிபால் மட்டும் உங்களுக்கு அடிச்சு ரெண்டாவது வரி வர்றதுக்குள்ள வெச்சிடுவார். உங்க கோட்டுல மேல வரணுமில்ல."

படித்தவர்கள் நிறைந்த அந்தக் கட்டடத்தில் அத்தனை பேரும் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். கைதவறி அழுத்திவிட்டார் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரதுல் பாபுவுக்கு இப்போது ஞாபகம் வந்தது. பூஜைக்கு முன்னால் வீட்டு மோட்டார் பம்ப் கெட்டுப்போய், ரிஷ்ராவிலிருக்கும் பம்ப் மெக்கானிக் சுக்தேவுக்கு ஃபோன் போட்டார். சுக்தேவ் எடுக்கிறவரை இந்தப் பாட்டைக் கேட்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பெண் குரல் வந்து நட்சத்திரத்தை அழுத்துங்கள் என்றது. எதற்கு என்று கேட்கப் பொறுமை இல்லை. இந்தக் கண்றாவி நின்றால் போதும் என்று அழுத்தினார். இரண்டு தடவை, ஓங்கி.

இந்தப் பாட்டை என் ஃபோனுக்கும் வை என்று அதற்கு அர்த்தம்.

"இன்னொண்ணும் சொல்லிடட்டுமா?" என்றான் ஹீரக். "இன்னிக்கே எல்லாம் முடிஞ்சிடட்டும்."

"சொல்லு. இதுக்கு மேல என்ன."

"உங்க சர்வே. முதல் வருஷம் சேர்ற பசங்களை, என்ன பாட்டுப் பிடிக்கும்னு எழுதச் சொல்வீங்களே. என்ன எழுதணும்னு சீனியர்ஸ் முன்னாடியே சொல்லிக் குடுத்துடுவாங்க. சரோத் எழுதுடா, விடிகாலை ராகம்னு எழுதுடான்னு. நானும் அப்படித்தான் எழுதினேன்."

"நீ துருபத்னு எழுதியிருந்த. எனக்கு ஞாபகம் இருக்கு. நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன்."

"தெரியும். அதுக்குத்தான் எழுதினேன்."

"நிஜத்துல என்ன கேட்டுக்கிட்டிருந்த?"

"வேண்டாம் பிரதுல்தா. இன்னிக்கு இது போதும்."

பிரதுல் பாபு பாட்டிலை மேஜையில் வைத்தார். "அப்ப இருபது வருஷத்துக் கோடு? அது பொய்யா?"

"கோடு நிஜம்தான். எதிர்ல இருக்கறவர் என்ன கேக்க ஆசைப்படறார்னு மோப்பம் பிடிச்சு அதை எழுதறவன் பரீட்சையிலயும் அதையேதானே செய்வான்? மார்க் நல்லா வரும். புத்திசாலிதான். என்ன, பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

எதிரில் இருப்பவர் என்ன கேட்க ஆசைப்படுகிறார்.

பிரதுல் பாபுவின் கண் முன்னால் காலியான சந்தேஷ் தட்டும், அதற்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பும் வந்து நின்றன. எக்ஸ்ரேவுக்கு, வண்டிக்கு, மாத்திரைக்கு என்று எத்தனை தடவை அவள் அவருக்கு ஃபோன் செய்திருப்பாள். எத்தனை தடவை அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்திருப்பாள். பெரிய மனுஷர் ஒருவர் தன் ஃபோனில் ஒரு பாட்டை ஆசையாக வைத்திருக்கிறார். உனக்குப் பிடித்த பாட்டு எது என்று அவரே கேட்கிறார். வேறு எதைச் சொல்வாள்?

கோலே பாபுவின் மௌனமும் இப்போது புரிந்தது. அந்த மனுஷர் இடுப்பையும் கரண்ட்டையும் முழுசாகக் கேட்டு முடித்த பிறகு, மறுமுனையில் ஒருவர் வந்து ருசி ஒத்துப்போகாது என்று சொல்லியிருக்கிறார்.

அரங்கில் முந்நூறு பேர் பார்த்தபோது காது மட்டும்தான் சுட்டது. இப்போது உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் எழுந்தார்.

"எங்க பிரதுல்தா? சாப்பாடு வந்துடும், பிரியாணி சொல்லியிருக்கோம்."

"கொன்னகர்" என்றார்.

லோக்கல் ரயிலில் நிற்கத்தான் இடம் இருந்தது. நாலு பக்கமும் எல்லாரும் இடித்தார்கள். அவருக்கு எதுவும் தெரியவில்லை. என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவனுடைய ஃபோன் சத்தமாகப் பாடியது. வழக்கமாக ஒரு பார்வை பார்ப்பார். இன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாராவது தன்னை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

கொன்னகர் ஸ்டேஷனில் ஒரே ஒரு கவுன்ட்டர்தான் திறந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தியாஷா. வரிசை வாசல்வரை நின்றது. வரிசையைத் தாண்டிப் போய்ப் பேச அவருக்குக் கூச்சம். கடைசியில் போய் நின்றார். நகர்ந்து நகர்ந்து கண்ணாடி ஓட்டைக்கு வந்தார்.

"எங்க?" தியாஷா நிமிரவில்லை.

"கொன்னகர்."

அவள் நிமிர்ந்தாள். பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "இதுதான் கொன்னகர், காக்கு."

"தெரியும்மா. நான் உன்கிட்ட ஒரு வார்த்தை..."

"வரிசை நிக்குது. எங்கயாவது போகணும்னா சொல்லுங்க."

"உத்தர்பாரா. ஒண்ணு."

டிக்கெட் வந்தது. அவர் நகரவில்லை. பின்னால் மீன் கூடையோடு நின்றவர், "தாதா, டிக்கெட் வாங்கியாச்சில்ல, நகருங்க" என்றார்.

"அந்தப் பாட்டு நான் வெச்சது இல்ல" என்றார் பிரதுல் பாபு அவசர அவசரமாக. "கைதவறி அழுத்திட்டேன். எனக்குத் தெரியவே தெரியாது. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. முந்நூறு பேர் முன்னாடி தெரிஞ்சுது."

தியாஷாவின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. "அப்பா திங்கக்கிழமை ஃபோனை வெச்சுட்டு ஒரு நாள் பூரா யார்கிட்டயும் பேசல. 'நாம போட்டா சத்தம், அவங்க வெச்சா ருசியா'ன்னு மட்டும் கேட்டார்."

"நான் அவர்கிட்டயும் வந்து சொல்றேன்."

"என்ன சொல்வீங்க?"

"நடந்ததைச் சொல்றேன். நீ எனக்குப் பிடிக்கும்னு நெனச்சுத்தானே அந்தப் பாட்டைச் சொன்ன?"

"ஆமா. பெரியவருக்குப் பிடிச்சதைச் சொன்னா சந்தோஷப்படுவார்னு நெனச்சேன்."

பிரதுல் பாபுவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதியில் குரல்கூட உயர்ந்தது. "அதான்மா. அதைத்தான் சொல்ல வந்தேன். உனக்கு அந்தப் பாட்டு பிடிக்கவே பிடிக்காது. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நீ புத்திசாலிப் பொண்ணு."

தியாஷா கண்ணாடி ஓட்டையின் பக்கம் குனிந்தாள்.

"பிடிச்சிருந்தா?"

"என்னம்மா?"

"எனக்கு நிஜமாவே அந்தப் பாட்டு பிடிச்சிருந்தா இன்னிக்கு நீங்க இங்க வந்திருப்பீங்களா?"

பிரதுல் பாபு வாயைத் திறந்தார். இருபது வருடம் வகுப்பெடுத்த வாய். ஒன்றும் வரவில்லை.

வரிசை அமைதியாகிவிட்டது. மீன் கூடைக்காரர் கழுத்தை நீட்டினார். "சொல்லுங்க தாதா" என்றார். இப்போது அவருக்கும் பதில் தேவைப்பட்டது.

"நான்... தியாஷா, அது வந்து..."

"பரவாயில்ல காக்கு. காக்கிமா முட்டி எப்படி இருக்கு? படி ஏறக் கூடாதுன்னு சொல்லுங்க." அவள் திரை பக்கம் திரும்பினாள். "என் முடிவை நேத்து ராத்திரியே புகாய்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட அவன் சொல்லலையா?"

"இல்லையே. என்ன முடிவும்மா?"

"அடுத்தது" என்றாள் தியாஷா.

மீன் கூடைக்காரர் முன்னால் வந்தார். பிரதுல் பாபுவைத் தள்ளவில்லை. தோளில் கை வைத்து மரியாதையாக ஒதுக்கினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கேயா முட்டியை மடக்க முடியாததால் முக்காலியில் உட்கார்ந்து, அரிவாள்மனையை மேஜைமேல் வைத்து பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். பிரதுல் பாபு செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததெல்லாம் சொன்னார். அரங்கைச் சொன்னார். ஹீரக்கைச் சொன்னார். கொன்னகரைச் சொன்னார். தியாஷா கேட்ட அந்த 'பிடிச்சிருந்தா' கேள்வியை மட்டும் சொல்லவில்லை.

கேயா ஆச்சரியப்படவில்லை. பூசணித் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

"தெரியாம? ஒரு நாளைக்கு எத்தனை தடவை உனக்கு ஃபோன் பண்றேன்."

"நீயாவது சொல்லியிருக்கலாமே. ஊரே சிரிச்சிருக்கு. நீ பொண்டாட்டிதானே."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

"சரி, விடு. ஹீரக் ஒரு நம்பர் குடுத்திருக்கான். ஒரு மெசேஜ் அனுப்பினா எடுத்துடுவாங்களாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனில் தட்டத் தொடங்கினார். "இதோட தொலைஞ்சுது."

"கொஞ்சம் இரு."

"எதுக்கு?"

"அனுப்பாத."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேயா நறுக்கிக்கொண்டே இருந்தாள். துண்டுகள் எப்போதும்போல் ஒரே அளவாக விழவில்லை.

"மீன் கடைல நின்னு உனக்கு ஃபோன் பண்ணி, ரூயியா கட்லாவான்னு கேப்பேன் இல்ல?"

"ஆமா. தெனமும் கேக்கற."

"நீ என்ன சொல்லுவ?"

"ரூயின்னு."

"முப்பது வருஷமா ரூயிதான். எனக்குத் தெரியாதா? அப்புறம் எதுக்குக் கேக்கறேன்?"

பிரதுல் பாபு ஃபோனைத் தாழ்த்தினார். அவருக்கு மெதுவாக, மிக மெதுவாக, புரிய ஆரம்பித்தது. இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவருக்கு வேகம் போதாது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

"எனக்கு அந்தப் பாட்டு பிடிச்சிருக்கு" என்றாள் கேயா. "நடுவுல ஒரு டோல் மேளம் வரும். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு மூச்சு விடாம ஒரு வரி பாடுவா. எங்க மூச்சு எடுக்கறான்னு எத்தனையோ தடவை பாத்துட்டேன், பிடிபடல. நீ அதுக்குள்ள எடுத்துடற. எப்பவும் சீக்கிரமே எடுத்துடற."

'ஓ... அச்சா' என்ற பழக்கமான அந்த இரண்டு வார்த்தைகள் அவருக்குள்ளிருந்து கிளம்பி வந்தன. வந்த வேகத்தில் அவற்றை விழுங்கினார். விழுங்கியது கேயாவுக்குத் தெரிந்தது.

"சொல்லிடு" என்றாள். "கல்யாணம் ஆன புதுசுல ரேடியோல ஒரு சினிமாப் பாட்டைச் சத்தமா வெச்சேன். நீ கதவுகிட்ட நின்னு அதையே சொன்ன. நான் போய் அணைச்சேன். அப்புறம் இந்த வீட்ல நான் எதையும் போட்டதில்ல. நானே பாடி நானே கேட்டுக்கறதுதான்."

"நான் உன்னை அணைக்கச் சொல்லலையே, கேயா."

"நீ சொல்லல. நீ எதையும் சொல்றதில்ல."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இவளைத்தான் ஊர் ஊராக மேடையில் உதாரணம் காட்டினார். இவளைத்தான் கோட்டின் உச்சியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். இவள் வீட்டுக்கு வெளியே மீன் கடைச் சேற்றில் நின்று, புருஷனுடைய ஃபோன் வழியாக, அவன் எடுத்துவிடப் போகிறானே என்று பயந்து பயந்து பாட்டுக் கேட்டிருக்கிறாள்.

கேயா கை கழுவினாள். துணிப்பையை எடுத்துக்கொண்டாள். "மீன் வாங்கணும். சாயங்கால மார்க்கெட் கூடியிருக்கும்."

"முட்டி வலிக்குமே. நான் போறேன்."

"வேண்டாம். நான்தான் போகணும்."

வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அங்கேருந்து ஃபோன் பண்ணுவேன்" என்றாள்.

அவள் நொண்டி நொண்டித் தெரு திரும்புவதை ஜன்னலில் நின்று பார்த்தார். பிறகு ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பாதி தட்டிய மெசேஜ் அப்படியே இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

ஃபோன் அடித்தது. கேயா. அவர் பக்கத்தில் கேட்டது அவரே தேர்ந்தெடுத்த சரோத். பழக்கத்தில் கை நீண்டது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். டோல் இப்போது வந்திருக்குமா? அந்த வரி முடிந்திருக்குமா? எதுவும் தெரியவில்லை. மேஜை அதிர அதிர சரோத் முழுவதும் வாசித்து முடித்து நின்றது.

அவர் மூச்சு விட்டார்.

உடனே மறுபடி அடித்தது. இந்த முறை கேயா இல்லை. திரையில் புகாய் என்று எழுதியிருந்தது. நேற்று இரவு தியாஷா சொன்னது என்னவென்று அவனுக்குத் தெரியும். எடுத்தால் அவனும் சொல்லுவான். எடுத்தவுடன் அவனும் ஒன்று கேட்பான். கொன்னகரில் வாயில் வராத பதிலை இங்கே சொல்லியாக வேண்டும்.

பிரதுல் பாபுவின் விரல் திரைக்கு மேலே நின்றது. புனேயில் புகாய் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான்.